வடை விழும் லென்ஸ்: பழைய 500 மி.மீ. மிரர் லென்ஸ் வாங்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டம் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கொழும்பில் ஒருவர் பழைய ரஷ்ய மிரர் லென்ஸ் ஒன்று விற்கிறார். 500 மி.மீ., எஃப்/8. என்னிடம் இருப்பது கெனன் 1300டி. வாவிக்கு வரும் பறவைகளை எடுக்க ஆசை. தூரத்தைக் கிட்டக் காட்டும் புது டெலி லென்ஸ் வாங்குமளவுக்குக் கையில் காசில்லை. இதை வாங்கலாமா? படத்தின் பின்னால் வளையம் வளையமாக வரும் என்கிறார்களே, அது லென்ஸின் கோளாறா?"

தம்பி, பறக்கும் பறவையை எடுக்கத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். கம்பத்தில் குந்தியிருக்கும் மீன்கொத்தி, கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, தோணிக்காரர், நிலா, அறுகம்பையில் அலைச்சறுக்குகிறவர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்த நேரத்தில் எந்தக் கரையில் நிற்பது என்று தெரிய வேண்டும். இந்த லென்ஸைக் குறை சொல்லி விற்றுவிடுகிற பலர் தவறான கரையில், தவறான நேரத்தில் நின்றவர்கள்தான். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நின்றேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண டெலி லென்ஸில் ஒளி முன்னால் புகுந்து நேராகப் பின்னால் வருகிறது. மிரர் லென்ஸில், அதாவது ஆடி வைத்த லென்ஸில், அது இரண்டு முறை திரும்புகிறது. முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்த ஒளி, பின்னால் இருக்கும் பெரிய குழிவாடியில் பட்டு முன்னுக்குத் திரும்பும். அங்கே முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டிய சின்ன ஆடி ஒன்று இருக்கிறது. அதில் பட்டு மீண்டும் பின்னுக்கு வந்து, பெரிய ஆடியின் நடுத் துளையால் கமராவுக்குள் போகும். ஒரே குழாயை மூன்று தடவை கடப்பதால், அரை மீட்டர் குவியத்தூரம் ஒரு தேங்காயளவுப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. டம்ரொன் 500 மி.மீ. எஃப்/8 லென்ஸ் 600 கிராமைத் தாண்டாது. அதே அளவுக்குக் கண்ணாடிகளை மட்டும் அடுக்கிச் செய்தால் தோள் இறங்கிப்போகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் திருப்பும். ஆகவே மலிவான டெலி லென்ஸ்களில் கொக்கின் வெள்ளை விளிம்பில் தெரியும் ஊதாக் கோடு இதில் அநேகமாக வராது. ரஷ்ய லென்ஸ்களின் அடிப்படை வடிவம் திமித்ரி மக்சுத்தோவ் என்ற ஒளியியலாளருடையது. 1941இல், போரினால் லெனின்கிராட்டிலிருந்து இடம்பெயர்ந்து போகும் வழியில் அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தொலைநோக்கிக்காகப் பிறந்த யோசனை பிறகு கமராவுக்கு வந்தது. எம்.டி.ஓ. என்ற அந்த லென்ஸ் வரிசைக்கு 1958 பிரசல்ஸ் கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. உங்களுக்குச் சொல்லப்பட்ட லென்ஸ் எம்.டி.ஓ. 500 ஆகவோ, அதன் பின்வந்த 3எம்-5ஏ ஆகவோ, ரூபினார் ஆகவோ இருக்கலாம். முன்வளையத்தில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, வளையத்துக்கு வருவோம். நாங்கள் இங்கே அதை "வடை" என்றுதான் சொல்கிறோம், உளுந்து வடை. ஃபோகஸில் இல்லாத ஒரு ஒளிப்புள்ளி, லென்ஸின் வாய் என்ன வடிவமோ அதே வடிவில் படத்தில் விரியும். சாதாரண லென்ஸின் வாய் வட்டம், அதனால் வட்டப் பொட்டு விழும். மிரர் லென்ஸின் வாயில் நடுவை அந்தச் சின்ன ஆடி மறைத்திருக்கிறது. அதனால் நடுவில் ஓட்டையுள்ள வட்டம், அதாவது வடை. கோளாறு ஒன்றுமில்லை, அதன் பிறவிக்குணம். ஆனால் அந்தப் பிறவிக்குணம் எங்கே கோபமாக வெளிப்படும், எங்கே அடங்கியிருக்கும் என்பதைப் பின்னணிதான் தீர்மானிக்கிறது.

நான் பட்டதைச் சொல்கிறேன். கல்லடிப் பக்கத்து வாவிக்கரையில் ஒரு பின்னேரம் நாலரை மணி. வலைக்கம்பில் ஒரு வெள்ளைக் கொக்கு. வெளிச்சம் தாராளம், காற்றும் குறைவு. எடுத்துத் தள்ளினேன். வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் கொக்குக்குப் பின்னால் இருநூறு முந்நூறு வடை. சிற்றலை ஒவ்வொன்றின் மினுக்கும் ஒவ்வொரு வளையம். கொக்கு வடைத் தட்டில் விழுந்த மாதிரிக் கிடந்தது. லென்ஸைத் திட்டிக்கொண்டே படுத்தேன். அடுத்த நாள் காலை ஆறரைக்கு அதே இடம், அதே கம்பு. கொக்கும் அதேதானோ தெரியாது. பின்னால் தண்ணீர் ஒரே சாம்பல்நீலம், ஒரு வளையம்கூட இல்லை. கொக்கின் கண்ணும் அலகின் விளிம்பும் கத்தி மாதிரி.

நடந்தது இதுதான். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நிலத்தில் இருக்கிறது. அங்கே வாவிக்கரையில் நின்று எதிர்க்கரையான புளியந்தீவுப் பக்கம் பார்த்தால் நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கடலிலிருந்து எழும்புகிறது. முன்வெளிச்சம், தண்ணீரில் மினுக்கம் இல்லை. பின்னேரம் அதே இடத்தில் சூரியன் உங்களுக்கு நேரெதிரே இறங்குகிறது. ஒவ்வொரு அலையும் அதை உங்கள் லென்ஸுக்குள் எறிகிறது. ஆகவே பின்னேரம் எடுக்கிறதென்றால் பாலத்தைக் கடந்து புளியந்தீவுக் கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். காலையில் கல்லடி, பின்னேரம் புளியந்தீவு. இவ்வளவுதான் கணக்கு.

கடலைப் பார்த்து எடுக்கும்போது இது தலைகீழாகிவிடும். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை. கரையில் நின்று கடலைப் பார்த்தால் காலையில் வெயில் முகத்துக்கு நேரே வரும். சறுக்குகிறவர் கறுப்பு உருவம், சுற்றிவர வடை மழை. அங்கே பின்னேரம்தான் நல்லது. காற்றெழும்பி அலை கொஞ்சம் குழம்பியிருக்கும், பரவாயில்லை.

வடையை வேண்டுமென்றே அழைக்கிற நேரமும் உண்டு. வாவியில் ஒருவர் தோணி அணியத்தில் நின்று வீச்சு வலை எறிகிறார், பின்னேர வெயில் எதிரே. ஆளைக் கறுப்பாக விட்டுவிட்டு, பின்னால் வளையங்களைத் தங்கக் காசு மாதிரி நிறைத்து எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் "இது எந்த ஆப்பில் போட்ட எஃபெக்ட்?" என்றுதான் கேட்டார்கள். இந்தக் குணத்தை வைத்து நல்ல படம் எடுக்கலாம். ஆனால் பத்துப் படத்தில் ஒன்றுக்கு மேல் போனால் சலித்துவிடும்.

மினுக்கும் தண்ணீரைவிடவும் எனக்குப் பிடிக்காத பின்னணி ஒன்று இருக்கிறது: அறுவடை முடிந்த வட்டையில் (வயல்வெளியில்) நிற்கும் வைக்கோல் தாளும், கண்டல் மரத்துச் சுள்ளியும். கோடு கோடாக இருப்பவை வடையாக மாறாது, இரட்டைக் கோடாக மாறும். ஒவ்வொரு தாளும் இரண்டாகத் தெரிய, பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஆள்காட்டிக் குருவியை வட்டையில் எடுக்கிறதென்றால் வரம்பில் தாழ்வாக உட்காருங்கள். அப்போது பறவைக்குப் பின்னால் பக்கத்துத் தாள் வராது, தூரத்து மரவரிசைதான் வரும். தூரம் கூடக் கூட இந்த லென்ஸின் பின்னணி வழுவழுப்பாகிவிடும்.

இனி ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. மினோல்டா 1989இல் ஒரு 500 மி.மீ. ஆட்டோ ஃபோகஸ் மிரர் லென்ஸ் விட்டது, பிறகு அதைச் சோனியும் தன் பெயரில் விற்றது. அந்த ஒன்றை விட்டால் நீங்கள் பார்க்கப் போகிற பழைய மிரர் லென்ஸ் எதுவும் கையால் திருப்புவதுதான். உங்கள் 1300டியின் வியூ ஃபைண்டர் சின்னது, எஃப்/8இல் இருட்டும். அதில் பார்த்து ஃபோகஸ் பண்ணினால் பத்தில் இரண்டு சரிவந்தால் அதிர்ஷ்டம். படத்தைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவைப் போட்டு, பறவையின் கண்ணில் பெட்டியை வைத்து, 10 மடங்கு பெரிதாக்கித் திருப்புங்கள். வெயிலில் திரை தெரியாது என்பதால் நான் தலையில் ஒரு கறுப்புத் துவாயைப் போட்டுக்கொள்வேன். கரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால் ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் கமராவில் 500 மி.மீ. எஃப்/8 லென்ஸோடு 10 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமாக 13 சென்ரிமீட்டர்தான். மீன்கொத்தியின் அலகு முனையில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கும். அதே லென்ஸ், 100 மீட்டரில் அலையில் ஒருவர்: ஆழம் ஏறக்குறைய 13 மீட்டர். தூரம் பத்து மடங்கானால் ஆழம் நூறு மடங்கு. அதனால்தான் கைஃபோகஸ் பழகுகிறவர்களை முதலில் அறுகம்பைக்கோ, முகத்துவாரத்துக்கு வரும் வள்ளங்களுக்கோ போகச் சொல்வேன். பறவை பிறகு.

பறவைக்கு ஒரு வழி, துரத்தாமல் காத்திருப்பது. மீன்கொத்தி மீனைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்புக்குத்தான் திரும்பி வரும். அது பறந்து போனதும் அவசரப்படாமல் கம்பின் முனைக்கு 10 மடங்கில் ஃபோகஸைக் கட்டிவையுங்கள். பிறகு வளையத்தைத் தொடவேண்டாம். பறவை வந்து குந்தியதும் தொடர்ச்சியாக ஐந்தாறு படம். அதில் ஒன்று நிச்சயம் சரியாக இருக்கும். மட்டக்களப்பு வாவி முழுக்க வலைக்கம்பும் கட்டைகளும் நட்டுத்தான் கிடக்கின்றன, இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஃபோகஸ் வளையத்தில் மிகத் தூரத்தைக் குறிக்கும் முடிவிலிக் குறி (∞) இருக்கும். அதை நம்பி முட்டத் திருப்பிவிட்டு எடுக்காதீர்கள். சூட்டில் குழாயும் ஆடியும் விரிவதற்கு இடம்விட்டு, முடிவிலியைத் தாண்டியும் வளையம் சுற்றும்படி இவற்றைச் செய்திருக்கிறார்கள். புதிதாக வாங்கியவர்கள் பாதிப்பேரின் "லென்ஸ் மங்கல்" என்ற முறைப்பாடு இதனால்தான் வருகிறது. குளிர்சாதன அறையிலிருந்தோ வான் வண்டியிலிருந்தோ வெளியே எடுத்தால் இன்னும் மோசம். முதலில் முன்கண்ணாடி வியர்க்கும், பிறகு சூடேறச் சூடேற ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழகவிட்டு எடுங்கள்.

அப்பச்சரை, அதாவது ஒளி புகும் வாயை, கூட்டிக் குறைக்க வழியில்லை, எஃப்/8 என்றால் எப்போதும் எஃப்/8. அதிலும் நடு ஆடி மறைப்பதாலும் ஆடிகள் கொஞ்சம் ஒளியைத் தின்பதாலும் கமராவுக்கு வந்து சேர்வது எஃப்/10, எஃப்/11 அளவு வெளிச்சம்தான் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு). நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்வு) 400க்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். காலை ஆறரை ஏழுக்கு அதே 1/1000 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 1600, சில நாள் 3200 வரை ஏற்ற வேண்டிவரும். உங்கள் கமராவில் 500 மி.மீ. பழைய ஃபிலிம் கமராக் கணக்கில் 800 மி.மீ. போலப் பார்வை தரும். கையில் பிடித்து 1/800க்குக் கீழே போனால் ஆட்டம் தெரியும். லென்ஸ் சின்னதாக, கனமில்லாமல் இருப்பது நல்லது என்று நினைப்போம். கையில் பிடிக்கும்போது அதுவே கெடுதல். கனமான நீள லென்ஸ் தன் பாரத்தாலேயே கொஞ்சம் அடங்கி நிற்கும், இது கையோடு சேர்ந்து நடுங்கும்.

ட்ரைபொட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய டெனிம் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே நெல்லைக் கொட்டுங்கள். இதைவிட நல்ல தாங்கியை நான் காசு கொடுத்தும் வாங்கவில்லை. குமன வனவிலங்குப் பூங்காவில் ஜீப் கதவின் மேல் போட்டால் லென்ஸ் அப்படியே அமர்ந்துகொள்ளும். டிரைவர் அண்ணனிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். ஓடும் எஞ்சினின் அதிர்வு 500 மி.மீ.க்கு நில நடுக்கம். கல்லடிப் பாலத்துக் கம்பியில் சாத்தி எடுப்பவர்களுக்கும் இதே சொல்தான், வாகனம் போய் முடியட்டும். சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் படகில் இருந்துகொண்டு நீந்தும் யானையை எடுக்க ஆசைப்பட்டு இந்த லென்ஸைக் கொண்டுபோனேன். படகும் ஆடுகிறது, யானையும் நகர்கிறது, நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சாதாரண 55-250 மி.மீ. ஸூம் லென்ஸோடு எனக்கு முன்னால் படத்தை முடித்துவிட்டார்.

அந்த 55-250 பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டோ ஃபோகஸும் ஆட்டம் தடுப்பும் உள்ள பழைய கெனன் 55-250 ஒன்று உங்களுக்கு ஏறக்குறைய இதே காசுக்குக் கிடைத்தால், பறவை எடுக்க முதலில் அதை வாங்குங்கள். 250இல் எடுத்த கூர்மையான படத்தை இரண்டு மடங்கு வெட்டிப் பெரிதாக்கினாலும், ஆடி குலைந்த ஒரு மிரர் லென்ஸின் படத்தைவிட நன்றாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள மிரர் லென்ஸ் என்றால்தான் பேச்சு வேறு.

கானல் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு, விசேஷமாகச் சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், வட்டைக்கு மேலும் மணலுக்கு மேலும் சூட்டுக்காற்று கொதிக்கும். 200 மீட்டருக்கு அப்பால் எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. அதை லென்ஸின் தலையில் போடாதீர்கள். நான் ஒன்பதுக்கு மூடியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

இப்போது உங்கள் கமராவில் பூட்டுவது. ரஷ்ய லென்ஸ்கள் பெரும்பாலும் எம்42, அதாவது 42 மி.மீ. திருகு. மிகப் பழையவை அதைவிட 3 மி.மீ. ஒடுங்கிய 39 மி.மீ. திருகாகவும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எம்42இலிருந்து கெனனுக்கு மாற்றும் வளையம் மலிவு, அதற்குள் கண்ணாடி எதுவும் தேவையில்லை, முடிவிலியும் சரியாக வரும். இதில் கெனன்காரர்களுக்கு அதிர்ஷ்டம். நிக்கொன்காரர்களுக்கு லென்ஸ் ஏறக்குறைய ஒரு மி.மீ. முன்னால் தள்ளி நிற்கும். 500 மி.மீ.யில் அந்த ஒரு மி.மீ. என்பது, லென்ஸில் தாண்டிச் சுற்ற இடமில்லை என்றால், 250 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் இல்லை என்று அர்த்தம். நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் இப்படிப்பட்ட லென்ஸைப் பூட்டினால் வெளிச்சமானியும் வேலை செய்யாது. டம்ரொன் லென்ஸ்களில் பின்பக்க வளையத்தைக் கழற்றி எந்தக் கமராவுக்கும் மாற்றலாம். கொரியாவின் சம்யாங் செய்து பல பெயரில் விற்ற லென்ஸ்கள் டி2 என்ற திருகில் வரும், அதற்கும் எல்லாக் கமராவுக்கும் வளையம் உண்டு. மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமரா வைத்திருப்பவர்களுக்கு எதுவும் பூட்டும். அவர்கள் மெனுவில் "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும்" என்பதைப் போட்டு, உடம்பிலேயே ஆட்டம் தடுப்பு இருந்தால் குவியத்தூரம் 500 என்று கையால் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் கமரா தப்புக் கணக்கில் ஆட்டத்தைக் கூட்டிவிடும்.

தெரிவு செய்ய வாய்ப்பு இருந்தால் என் விருப்பம் டம்ரொன் 500 எஃப்/8தான். 1.7 மீட்டர் வரை கிட்டப் போகலாம், தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் இயற்கை அளவில் மூன்றில் ஒரு பங்காக எடுக்கலாம். நிக்கொன் 500இன் 1980களின் பதிப்பும் அப்படிக் கிட்டப் போகும், கட்டுமானமும் இறுக்கம், ஆனால் விலை ஏறும். ரஷ்ய 3எம்-5ஏ சுமார் 4 மீட்டர்வரைதான் கிட்டப் போகும், இரும்புக்குண்டு மாதிரி உறுதி, நல்ல துண்டு கிடைத்தால் கூர்மைக்குக் குறைவில்லை. "1000 மி.மீ. இருக்கிறது, வேண்டுமா?" என்று விற்கிறவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2 கிலோவுக்கு மேல், எஃப்/10. வாங்கினால் அலுமாரியில்தான் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் என் அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. எனது முதலாவது மிரர் லென்ஸ் அழகான தோல் உறையோடு வந்தது. அந்த உறைக்குள்ளேயே ஒரு மாரி முழுக்க அலுமாரியில் வைத்தேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை எங்கள் ஊரில் உப்புக்கூட இளகும், தோல் உறை அந்த ஈரத்தை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். தைப்பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். கொழும்பில் ஒரு திருத்தும் இடத்தில் கொடுத்தேன். பூஞ்சணம் போய்விட்டது. ஆனால் ஆடியைத் துணியால் துடைத்திருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், துடைக்கலாம். இந்த லென்ஸ்கள் பலவற்றில் பூச்சு முன்பக்கத்திலேயே, காற்றுப்படத் திறந்து கிடக்கும். துணி பட்டாலே கோடு. அதன் பிறகு அந்த லென்ஸ் எடுத்த படமெல்லாம் பனிக்குள் எடுத்த மாதிரி. உங்களிடம் யாராவது "உள்ளே சுத்தம் செய்த லென்ஸ்" என்று பெருமையாகச் சொன்னால் இரண்டு தடவை பாருங்கள்.

போனின் டோர்ச்சை முன்னால் சரிவாகப் பிடித்து உள்ளே பாருங்கள். கொஞ்சம் தூசு இருந்தால் அஞ்ச வேண்டாம். பூஞ்சண நூல், பால் மாதிரி மூட்டம், ஆடியின் விளிம்பிலிருந்து உள்ளே பரவும் கறுத்த புள்ளிகள், இவை இருந்தால் விட்டுவிடுங்கள். கடலோரத்தில் இருந்த லென்ஸ் என்றால் அந்தக் கறுப்பை விசேஷமாகத் தேடுங்கள். பின்பக்கத்தில் சின்ன ஃபில்டர் ஒன்று திருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டம்ரொனில் அது 30.5 மி.மீ., நிக்கொனில் 39 மி.மீ. நிறமில்லாத வெறும் கண்ணாடி என்று நினைத்து முன்னையவர் கழற்றி எறிந்திருப்பார். அதையும் சேர்த்துத்தான் லென்ஸின் கணக்கே போட்டிருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் ஃபோகஸ் இடம் மாறும்.

ஆடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வடையே போதும். இரவில் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் படத்தின் நட்டநடுவில் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே விலக்குங்கள். வட்டமான வடை, ஓட்டை சரியாக நடுவில் என்றால் ஆடிகள் நேர். ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், வடை முட்டை மாதிரி இருந்தால், லென்ஸ் ஒருநாள் விழுந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஓட்டை விலகித் தெரிவது சாதாரணம், நடுவை மட்டும் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ரப்பர் அடைப்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். நீலக் குருணை ரோஸ் நிறமானால் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும், ஆனால் சமைக்கிற தாச்சியில் வறுக்காதீர்கள், அந்த நீலம் நல்ல சாமான் இல்லை. அரிசிப் பேணிக்குள் வைக்கிற வைத்தியமும் வேண்டாம், மாத்தூசுதான் உள்ளே போகும். கடற்கரையிலிருந்து வந்ததும் குழாயை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கிழக்குக் கரையில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. கடலிலிருந்து சூரியன் எழும்புவதை இந்த லென்ஸில் எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். வியூ ஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். மூடியில்லாத லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

சூரியனுக்குப் பதில் நிலாவை எடுங்கள். பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் கல்லடிக் கடற்கரையில் நில்லுங்கள், கடலிலிருந்து நேரே எழும்பும். 500 மி.மீ.யில் நிலா சென்சரில் நாலரை மி.மீ. விட்டத்தில் விழும், உங்கள் கமராவில் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய. உயரே வந்த பிறகு ஐ.எஸ்.ஓ. 400க்கு 1/400 நொடியில் தொடங்குங்கள். தொடுவானத்தில் சிவந்து நிற்கும்போது அதைவிட நாலு முதல் எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். லைவ் வியூ, இரண்டு நொடி டைமர், நெல் மூட்டை. நிலாவின் குழி விளிம்பு கூர்மையாக வந்தால் லென்ஸில் குறையில்லை. வாவியில் பாடும் மீனின் ஒலியைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிறவர்களும் அன்றுதான் போவார்கள், திரும்பும் வழியில் அவர்களையும் ஒரு படம்.

கணினியில் ஏற்றும்போது படம் வெளிறித் தெரியும். ரோ கோப்பாக (சுருக்காத மூலக்கோப்பாக) எடுத்திருந்தால் கறுப்பைக் கொஞ்சம் இறக்கி, கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் உயிர் வரும். கூர்மை கூட்டும் பொத்தானை மட்டும் அளவோடு தள்ளுங்கள், பின்னால் இருக்கும் வடைகளின் விளிம்பையும் அது கூர்மையாக்கிவிடும்.

கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன் அந்த மனிதரிடம் இரண்டு படம் கேளுங்கள்: டோர்ச் வெளிச்சத்தில் ஆடி ஒன்று, இரவுத் தெருவிளக்கின் வடை ஒன்று. இரண்டும் சரியென்றால் ரயிலில் ஏறுங்கள். லென்ஸ், இரண்டு மூடி, பின் ஃபில்டர், எல்லாம் எண்ணி வாங்குங்கள். தோல் உறையும் தருகிறேன் என்பார், அதை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.